மூன்றாவது தடவை

குளிர்காலத்தில் புளோரிடா கடற்கரைக்குப் போகிறவர்கள் பெட்டியில் நீச்சல் உடை வைப்பார்கள், கறுப்புக் கண்ணாடி வைப்பார்கள். என் கணவன் ஆர்டன் தொழுவத்துக்குப் போடும் ரப்பர் பூட்ஸை வைத்தான். முழங்கால் உயர பூட்ஸ். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் சாண வாடை போகாது.

"எதுக்கு இது?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றான்.

எங்கள் விஸ்கான்சின் ஆண்களிடம் இதற்கு மேல் விளக்கம் எதிர்பார்க்கக் கூடாது.

அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. மாடு வைத்திருப்பவனுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. கிறிஸ்துமஸ் என்றும் பார்க்காது, காய்ச்சல் என்றும் பார்க்காது. எங்கள் தேனிலவே இரண்டு கறவைகளுக்கு நடுவில் நடந்ததுதான். பக்கத்து ஊரில் மீன் வறுவல் சாப்பிட்டோம், நேரமாகிவிட்டது என்று அவசரமாகத் திரும்பி வந்தோம். கல்யாண உடுப்போடு மாட்டுக்கு மடி கழுவிய மணப்பெண் ஒருத்தியைத்தான் நான் பார்த்திருக்கிறேன், அதுவும் கண்ணாடியில்.

இந்த வருஷம் எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து ஆகிறது. மூத்த மகள் சோல்வே யாரிடமும் கேட்காமல் எனக்கும் ஆர்டனுக்கும் சின்னவள் பிரிட்டாவுக்கும் சொகுசுக் கப்பலில் இடம் பிடித்துவிட்டாள். ஒரு வாரம் கரீபியன் கடலில். அதற்கு முன்னால் துறைமுகத்தை ஒட்டிய கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று நாள்.

"மாட்டை நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க" என்றாள்.

மாட்டை அவள் பார்த்துக்கொள்வதில்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினையே இருந்தது. மார்ச் மாதம் மாட்டுத் தரகர் வரப் போகிறார். தொழுவத்தில் உள்ள மொத்த மாட்டையும் கொடுத்துவிடுவதாக ஆர்டன் அவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு முழங்கால் வலி, எனக்கு இடுப்பு வலி, எடுத்து நடத்த ஆள் இல்லை என்பது அவன் கணக்கு. ஆள் இருக்கிறாளா இல்லையா என்று அவளிடம் ஒழுங்காகக் கேட்டால்தானே தெரியும்?

கேட்காமல் இல்லை. இரண்டு தடவை கேட்டான். முதல் தடவை ஈஸ்டர் விருந்தில், எல்லோர் முன்னாலும், பன்றித் தொடையை நறுக்கிக்கொண்டே கேட்டான். "ஐயோ வேண்டாம்ப்பா, அதெல்லாம் உங்களது" என்றாள் சோல்வே. இரண்டாவது தடவை தீவனம் ஏற்றிக்கொண்டு வண்டியில் வரும்போது கேட்டான். "பரவால்லப்பா, உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்க" என்றாள். அதோடு விட்டுவிட்டான்.

எங்கள் பக்கத்தில், நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் வழியில், எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்போம். மறுபடி நீட்டினாலும் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை சொல்வதுதான் பதில். கேக்குக்கும் அப்படித்தான், காப்பிக்கும் அப்படித்தான். முதல் தடவையே கையை நீட்டுகிறவனை அவன் அம்மா சரியாக வளர்க்கவில்லை என்று ஊர் பேசும். கொடுக்கிறவரும் சும்மா இருக்க முடியாது, மூன்று தடவை கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அவருக்குக் கொடுக்க மனசில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் நன்றாகத் தெரிந்த ஆர்டன் பெற்ற மகளிடம் மூன்றாவது தடவை கேட்கவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சோல்வேயிடமே போய், "உனக்கு என்னதான்டி ஆசை?" என்று கேட்டேன். "அப்பா கேட்டா அப்பாகிட்ட சொல்லிக்கறேன்" என்றாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். இரண்டு அழுத்தக்காரர்களுக்கு நடுவில் கிடந்து நான்தான் வெந்தேன்.

விடுதியை நடத்துகிறவள் மிக்தாலியா, கியூபாக்காரி. முதலில் வளையல் சத்தம் வரும், பிறகு ஆள் வருவாள். முதல் நாள் காலையில் ஒரு தட்டு நிறைய கொய்யாப்பழ ஜாம் வைத்த பப்ஸ் கொண்டு வந்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது. வெண்ணெய் வாசனை கூடத்தையே தூக்கியது.

"எடுத்துக்கங்க சார், சூடா இருக்கு."

"இல்ல இல்ல, வேண்டாம். எதுக்குச் சிரமம்?" என்றான் ஆர்டன், கண்ணைத் தட்டிலிருந்து எடுக்காமல்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

நிறுத்தத்தில் நின்றவனைப் பார்த்தும் பஸ் நிற்காமல் போனால் அவன் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது ஆர்டன் முகம். அடுத்த மேசையில் நியூயார்க்கிலிருந்து வந்த குடும்பம். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள், எடுத்த எடுப்பிலேயே.

"அவ்வளவுதானா?" என்றான் என்னிடம் மெதுவாக.

"நீதான வேண்டாம்னே?"

"ஒரு தடவைதான சொன்னேன்."

பிரிட்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பதினாறு வயது. எங்கள் பழக்கவழக்கம் எல்லாமே அவளுக்குக் கேலிதான். அவள் தட்டில் ஏற்கெனவே இரண்டு பப்ஸ் இருந்தன. "இங்கெல்லாம் ஒரு தடவைதான் கேப்பாங்கப்பா. கப்பல்லயும் அப்படித்தான். நீங்க பட்டினி கெடந்து எலும்பா வீடு வந்து சேரப் போறீங்க."

"உன்னுதுல ஒண்ணு குடு."

"வேண்டாம்னீங்களே."

அவன் மூன்று தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தாள், கழுதை.

அன்று கடலில் இறங்கினோம். உள்ளூர்க்காரர்கள் குளிர் தாங்கவில்லை என்று கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். எங்களுக்கு அது நல்ல ஜூன் மாத வெயில். பிரிட்டா அலைக்குள் ஓடினாள். நானும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், வெதுவெதுப்பான தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் சின்னப் பெண் மாதிரி சிரித்துவிட்டேன். எவ்வளவு வருஷமாக நான் இதற்கு ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆர்டன் முட்டளவு தண்ணீரில் நின்று, தொப்பியால் வெயிலை மறைத்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாடு கன்று போடும் அறையில் சோல்வே ஒரு கேமரா மாட்டியிருந்தாள். அப்பா கவலைப்படாமல் இருக்கட்டும் என்று மாட்டினாள். அதுவே எனக்கு வினையாக வந்தது. திரையில் கெர்டி தெரிந்தாள். தலைச்சன் சினை, நாள் நெருங்கிவிட்டது. ஊரில் அந்த வாரம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி.

"கெர்டி வாலைத் தூக்கறா பாரு" என்றான்.

"மாடுன்னா வாலைத் தூக்கும் ஆர்டன். அங்க டால்பின் துள்ளுது, அதைப் பாரு."

"எங்க?" என்று கேட்டான். கேட்டுவிட்டு மறுபடி போனைப் பார்த்தான்.

சாயங்காலம் சோல்வே கூப்பிட்டாள். தொழுவத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதாம், ஹீட்டர் வைத்து உருக்கிக்கொண்டிருக்கிறாளாம்.

"நான் வரட்டுமா?" என்றான் ஆர்டன்.

"வேண்டாம்ப்பா, நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு ஒரு விரலை மடக்கினான். இந்த மனிதன் எண்ணத் தொடங்கிவிட்டான் என்று புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் படுக்கையில் ஆள் இல்லை. சும்மா இருக்க முடியாமல் விடுதியின் நீச்சல் குளத்துக் கதவைக் கழற்றிப் போட்டு, அதன் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். மிக்தாலியா இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள். காப்பி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். அவளும் போய்விட்டாள். நான் பின்னாலேயே போய் எங்கள் ஊர் வழக்கத்தை அவளிடம் சொன்னேன்.

"மூணு தடவையா?" என்று அவள் குலுங்கிச் சிரித்தாள். "எங்க வீட்ல ரெண்டாவது தடவை கேக்கறதுக்குள்ள தட்டு காலியாயிடும்."

அதற்குள் ஆர்டன் சோல்வேயைக் கூப்பிட்டிருந்தான். கெர்டி ஒரு இடத்தில் நிற்கவில்லை, தீனி எடுக்கவில்லை.

"நான் வந்துடட்டுமா? மத்தியானம் ஒரு விமானம் இருக்கு."

"வேண்டாம்ப்பா. நீங்க நிம்மதியா ஊர் சுத்துங்க."

இரண்டாவது விரலையும் மடக்கிவிட்டு அறைக்கு வந்தான். பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் போட்டான். முதலில் பூட்ஸை உள்ளே வைத்தான்.

"என்ன பண்ற?"

"ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டா. அப்படின்னா வரணும்னுதான் அர்த்தம். நம்ம பிள்ளைங்களை உனக்குத் தெரியாதா? நீயும் பிரிட்டாவும் கப்பல்ல போய்ட்டு வாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு வாரம், ஆர்டன். ஒரே ஒரு வாரம். நான் வாய் திறந்து கேட்டதுகூட இல்ல, பொண்ணாப் பாத்துக் குடுத்தா. அதையும் மாட்டுக்கே குடுக்கணுமா?"

"அவ தனியா இருக்கா ஜனெல்."

"அப்ப மூணாவது தடவை கேளு. போன் கையிலதான இருக்கு? வான்னு சொன்னா போ. நானே டாக்சி கூப்பிட்டு உன்னை ஏத்தி விடறேன்."

அவன் அலமாரியிலிருந்து இரண்டு சட்டைகளை உருவினான்.

"கேளேன்."

"அப்புறம் கேக்கறேன்."

"எதுக்கெடுத்தாலும் ரெண்டோட நின்னுடற. மாட்டை எடுத்துக்கறியான்னு அவகிட்ட கேட்டியே, அதுவும் ரெண்டோட நின்னுது. மூணாவது கேட்டா உன் கிரீடம் எறங்கிடுமா?"

கட்டிலில் உட்கார்ந்தான். பூட்ஸ் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மூணாவதுக்கும் வேண்டாம்னு சொல்லிட்டான்னா?" என்றான்.

பூட்ஸின் விளிம்பைக் கட்டை விரலால் தேய்த்தான்.

"அதுக்கு மேல கேக்க முடியாதே. ரெண்டோட நிறுத்தினா இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னு நெனச்சுக்கலாம். தரகர் வர்றவரைக்கும் நெனச்சுக்கலாம்."

நாலு வருஷமாக இவனைக் கல்நெஞ்சன் என்று திட்டியிருக்கிறேன், கர்வம் பிடித்தவன் என்று என் தங்கையிடம் புலம்பியிருக்கிறேன். பயந்துபோய் இருக்கிறான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கோபம் எல்லாம் வடிந்து எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாற்றம் பிடித்த பூட்ஸை அவன் மடியிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"நாளைக்குக் கப்பல் ஏறணும். நடுக்கடல்ல போன் எடுக்காது. ஏறுறதுக்குள்ள கேட்டுடு. ரெண்டையும்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

அன்று அவன் விமானத்துக்குப் போகவில்லை. கேட்கவும் இல்லை.

கப்பல் ஏறும் நாள் காலையில் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. லென்ஸில் உறைபனி படர்ந்து திரை முழுக்க வெள்ளையாக இருந்தது. சோல்வே போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம், எடுக்கவில்லை. ஆர்டன் போன் திரையைச் சட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். அவன் மேல் ஆயிரம் கோபம் இருந்தாலும் நானும் போனை வாங்கி ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அந்தக் குளிரில் ஒற்றைப் பெண் பிள்ளை.

மிக்தாலியா வழியனுப்ப வந்தாள். கையில் ஒரு பொட்டலம். "பப்ஸ் வேணுமா சார், வேணுமா, வேணுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"வேண்டாம்மா" என்றான் ஆர்டன்.

அவள் குழம்பிப் போனாள். "மூணு தடவை கேட்டேனே?"

"இது நிஜ வேண்டாம்" என்று பிரிட்டா விளக்கம் சொல்லி, பொட்டலத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

துறைமுகத்தில் கப்பல் பத்து மாடிக் கட்டடம் மாதிரி நின்றது. வாசலிலேயே சுமை தூக்குகிறவர்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். பூட்ஸும் அதோடு போனது. நாங்கள் சோதனை வரிசையில் நின்றோம். முன்னால் பூப்போட்ட சட்டைகளும் ஓலைத் தொப்பிகளும். வரிசை நகர நகர ஆர்டன் மட்டும் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். "நீங்க முன்னாடி போங்க" என்று எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டான். இன்னொரு குடும்பத்துக்கும் வழிவிட்டான். மூன்றாவது குடும்பத்துக்கு வழிவிடப் போகும்போது போன் அடித்தது.

திரையில் சோல்வே. கம்பளித் தொப்பி, இமையில் பனி, தோள்வரைக்கும் ஈரமும் ரத்தமும்.

"கெர்டி கன்னு போட்டுட்டா. கிடேரி" என்றாள். மூச்சு வாங்கியது. "முன்னங்கால் ஒண்ணு உள்ள மடங்கிக் கெடந்துதுப்பா. டாக்டரைக் கூப்பிட்டேன், ரோடெல்லாம் பனி, வர மத்தியானம் ஆகும்னார். நானே கையை விட்டேன்."

"குளம்பு கர்ப்பப்பையைக் கிழிச்சிருக்குமே" என்றான் ஆர்டன்.

"உள்ளங்கையில குளம்பைப் பொத்திப் பிடிச்சுத்தான் திருப்பினேன். அவ முக்கும்போது மட்டும் இழுத்தேன்."

"கயிறு?"

"கன்னோட கணுவுக்கு மேலதான் கட்டினேன்."

"சீம்பால்?"

"குடிச்சிருச்சு. உங்க பழைய கோட்டைப் போத்தி விட்டிருக்கேன், பாருங்க." போனைத் திருப்பினாள். வைக்கோலில் ஆர்டனின் பழுப்பு நிறக் கோட்டு கிடந்தது. அதன் கழுத்து வழியாக ஒரு ஈர மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கெர்டி அதை நக்கிக்கொண்டிருந்தாள்.

ஆர்டன் போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனான். "நான் வரட்டுமா?" என்றான்.

பிரிட்டா என் கையைப் பிடித்தாள். அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"வேண்டாம்ப்பா" என்றாள் சோல்வே உடனே. "நீங்க வந்தா என் கையிலேர்ந்து கயித்தை வாங்கிடுவீங்க. வராதீங்க."

மூன்றாவது வேண்டாம். ஆர்டன் தலையை ஆட்டினான். தன் தொழுவத்துக்கே வராதே என்று ஒருவர் அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "சரிம்மா" என்று சொல்லி போனை வைக்கப் போனான். நான் அவன் முழங்கையைக் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன்.

"சோல்வே" என்றான். "இன்னொண்ணு இருக்கு. மாடு, தொழுவம், நெலம் எல்லாம். நீ எடுத்துக்கறியா? இது மூணாவது தடவை."

திரையில் சோல்வேயின் முகம் அசையாமல் நின்றது. இணைப்புத்தான் போய்விட்டதோ என்று நினைத்தேன். பின்னால் கெர்டி கனைத்தாள். சோல்வே சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"நாலு வருஷம்ப்பா" என்றாள். "நாலு வருஷமா இந்த மூணாவதுக்குத்தான் காத்துட்டிருக்கேன். நீங்க கேக்கவே இல்ல. எனக்குக் குடுக்க உங்களுக்கு மனசில்லன்னு நெனச்சேன்."

"எனக்கா மனசில்ல?" என்றான் ஆர்டன். "நீ வேண்டாம்னுடுவியோன்னு பயந்துட்டேன்டி."

"எடுத்துக்கறேன்" என்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "தரகருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். நீங்க பண்ணினா சாயங்காலம்வரைக்கும் மன்னிப்புக் கேப்பீங்க. இப்பக் கப்பல் ஏறுங்க. அம்மாவைப் பாத்துக்கங்க."

நான் அழவில்லை என்று சொன்னால் பொய். முன்னால் நின்ற பூப்போட்ட சட்டைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சோதனை மேசையில் இருந்த அதிகாரி ஆர்டனிடம், "பெல்ட்டைக் கழட்டி டிரேல வைங்க சார்" என்றார்.

"என் பொண்ணு மாட்டை எடுத்துக்கறா" என்றான் ஆர்டன்.

"சந்தோஷம் சார். பெல்ட்."

"கிடேரிக் கன்னு. கால் மடங்கிக் கெடந்தது. ஒண்டியாளா திருப்பிட்டா."

"நல்லது சார். பெல்ட் மட்டும்."

கப்பலுக்குப் போகும் சாய்தளத்தில் வெயில் விழுந்தது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பெல்ட்டைத் திரும்ப மாட்ட மறந்து தோளில் போட்டிருந்தான். பிரிட்டா பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள்.

"பப்ஸ் வேணுமாப்பா?"

"குடு" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிரிட்டாவைத் தவிர எங்கள் வம்சத்திலேயே யாரும் முதல் தடவையில் கை நீட்டியதில்லை.

"அது சரி" என்றாள் பிரிட்டா. "மாட்டையெல்லாம் அக்காகிட்ட குடுத்துட்டீங்க. வீட்டுக்குப் போய் நீங்க என்ன செய்வீங்க?"

"அவ வேலை குடுத்தா செய்வேன்."

"குடுப்பாளா?"

ஆர்டன் உதட்டில் ஒட்டிய ஜாமைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். போன் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

"கேட்டுப் பாக்கணும்" என்றான். "மூணு தடவை கேப்பேன்."